தண்டுவடம் அடிபட்டவர் வீட்டில் முதலில் தெரிய வேண்டியவை

தென்னையிலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து கீழே வந்த கொத்தனார், பைக் சறுக்கி ரோட்டில் கிடப்பவர், யாராக இருந்தாலும் நம் ஊரில் நடப்பது ஒன்றுதான். நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கை கால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்காரவைப்பார்கள். பதற்றத்தில் செய்வது, குறை சொல்ல முடியாது. ஆனால் விழுந்தபோது தப்பிய தண்டுவடம் இந்தத் தூக்கலில் நசுங்கிவிடலாம். முறிந்து விலகிய முள்ளெலும்பு இருக்கிற இடத்தில் உடம்பு மடங்கினால், அந்த விளிம்பு உள்ளே ஓடும் நரம்புக் கற்றையைத்தான் போய் அழுத்தும். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்துப்போனது என்று அவர் சொன்னால், அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லாதவரை அசைக்காமல் 108க்குக் காத்திருக்க வேண்டும். நகர்த்தியே தீரவேண்டும் என்றால் ஒரு பலகையோ கழற்றிய கதவோ தேடுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூவரும் ஒரே பக்கத்திலிருந்து தோள், இடுப்பு, முழங்கால் என்று பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல் மொத்தமாக உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். தலையைப் பிடித்தவர் எண்ணுகிற எண்ணுக்குத்தான் மற்றவர்கள் கை அசையலாம்.

ஆபரேஷன், பிளேட், ஸ்குரூ எல்லாம் முடிந்து வார்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது, "எப்ப சார் நடப்பாரு?" நியாயமான கேள்வி. அதைச் சுற்றியே அடுத்த இரண்டு வருடமும் நகை நட்டும் கரைந்துபோகும் வீடுகள்தான் அதிகம். எண்ணெய்க் கட்டு, வர்மம், ஸ்டெம் செல் ஊசி என்று அலைவார்கள். அறுந்த தண்டுவடத்தை மறுபடி வேலை செய்யவைக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்தோ ஊசியோ இன்றுவரை கிடையாது. அலைச்சலுக்கு நடுவே, சிறுநீர்க் குழாய் போடுவது எப்படி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்திருக்கும். கால் விளங்காததால் ஆள் சாவதில்லை. தோலில் தொடங்கி இரத்தத்தில் ஏறும் சீழும், சிறுநீர்ப்பையில் தேங்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்பும் சிறுநீரும்தான் கொண்டுபோகின்றன. இரண்டையும் வீட்டிலேயே தடுக்க முடியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இப்படி அடிபட்டு வரும் படைவீரர்கள் நெடுநாள் பிழைப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முடித்துவிடும். அவர் கொண்டுவந்தது பெரும்பாலும் ஒழுங்குதான்: இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், சிறுநீர்ப்பையைக் கவனித்தல், சீக்கிரம் உட்காரவைத்து வேலையில் இறக்குதல். 1948இல் அங்கே நடந்த சிறிய வில்வித்தைப் போட்டிதான் பிற்பாடு பாராலிம்பிக் ஆனது. நம் பக்கத்தில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966இல் பாகாயத்தில் அதற்கென்றே தனி நிலையம் திறந்தார். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இங்கெல்லாம் முதலில் சொல்லிக்கொடுப்பது கட்டிலில் புரள்வதும் குழாய் போடுவதும்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் C6, T10 என்பதுபோல் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். C கழுத்து, T மார்பு, L இடுப்பு. கழுத்துக்கு 8, மார்புக்கு 12, இடுப்புக்கு 5, அதற்குக் கீழே திருவெலும்புக்கு 5, வாலுக்கு 1 என்று 31 ஜோடி நரம்புகள் தண்டுவடத்திலிருந்து கிளைக்கின்றன. அந்த எண்தான் எதிர்காலத்தின் கணக்கு. கழுத்து 5 வரை வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம். 6 இருந்தால் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தலாம். 7 இருந்தால் முழங்கையை நீட்டி ஊன்றலாம், அதாவது தன் உடம்பைத் தானே தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். இந்த ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் வீட்டில் நாள் முழுக்க இன்னொரு ஆள் வேண்டுமா வேண்டாமா என்பது மாறிவிடும். மார்புக்குக் கீழே அடிபட்டவருக்குக் கை முழுசாக இருக்கும். சமையல், தையல், கடை, கார் ஓட்டுதல் எதுவும் முடியும்.

அடி முழுமையானதா, பகுதியா என்பது இன்னொரு கேள்வி. டாக்டர் ஆசனவாயில் விரல் வைத்து "தெரியுதா, இறுக்க முடியுதா" என்று கேட்பார். குடும்பத்துக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தைவிட நல்ல சேதி அங்கேதான் கிடைக்கும். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கே முடிகின்றன. அங்கே தொடுவது தெரிந்தால், அடிபட்ட இடத்தைத் தாண்டி ஏதோ ஒரு இழை உயிரோடு இருக்கிறது. கால் திரும்புவதற்கு இடம் இருக்கிறது. முதல் சில வாரங்கள் தண்டுவடமே அதிர்ச்சியில் இருப்பதால், கால் துவண்டு கிடப்பதை வைத்தோ, பிறகு தானாக வெட்டி இழுப்பதை வைத்தோ முடிவு கட்டக்கூடாது. வெட்டி இழுப்பதைப் பார்த்து "கால் அசையுது, குணமாகுது" என்று இனிப்பு கொடுத்த வீடுகள் உண்டு. மூளையின் கட்டளை வராமல் தண்டுவடம் தன்பாட்டுக்குத் துள்ளுவது அது.

கழுத்து 6 வரை மட்டும் வேலை செய்பவர்களுக்கு அன்பால் நடக்கும் ஒரு கெடுதலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவர்களுக்கு விரலை மடக்கும் சக்தி கிடையாது. ஆனால் உங்கள் கையைத் தளரவிட்டு மணிக்கட்டை மேலே நிமிர்த்திப் பாருங்கள்: விரல்கள் தானாக மடங்கி, கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல் விரியும். விரல் மடக்கும் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் வரும் இழுவிசை இது. கொஞ்சம் சுருங்கி இறுக்கமாக இருக்கும் நாண்களைக் கொண்டு இவர்கள் ஸ்பூன், பேனா, செல்போன், டம்ளர் எல்லாம் பிடிப்பார்கள். வீட்டில் என்ன நடக்கிறது? "விரல் மடங்கியே போயிரும்" என்ற பயத்தில் அம்மாவோ தங்கையோ தினமும் எண்ணெய் தடவி, மணிக்கட்டை நிமிர்த்தி, விரல்களையும் நேராக்கி நன்றாக இழுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் நாண் நீண்டு தொளதொளத்துவிடும். அதன்பின் மணிக்கட்டை எவ்வளவு நிமிர்த்தினாலும் பிடி விழாது. விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நீட்டவே கூடாது. உள்ளங்கையைத் தரையில் பரப்பி ஊன்றுவதும் இதே கெடுதலைச் செய்யும். விரல்களை மடக்கிவைத்து ஊன்றச் சொல்லுங்கள்.

இனி தோல். உட்கார்ந்தபடி பின்பக்கத்துக்கு அடியில் கையை நுழைத்தால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான். நமக்கு ஐந்து நிமிடத்தில் உறுத்தும், நாம் அறியாமலே நெளிவோம். உணர்வில்லாதவர் நெளிவதில்லை. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கிய சதைக்கு இரத்தம் போகாமல் உள்ளேதான் முதலில் அழுகத் தொடங்கும். மேலே காசளவு கருப்பு தெரியும்போது உள்ளே எலுமிச்சை அளவு குழி இருக்கலாம். படுத்திருப்பவருக்கு இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், கணுக்கால், தொடையின் வெளிப்பக்கக் குமிழ்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது எல்லோரும் கேட்டிருப்பது. எப்படித் திருப்புவது என்பதில்தான் பிசகு. முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் தொடைக் குமிழில் பாரம் குவியும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, 30 பாகை சரிவாக, பாதி மல்லாந்த நிலையில் விட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகாலுக்கு அடியில் எதுவும் வைக்கவேண்டாம். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்கும்படி விடுங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள். போர்வையோடு தோல் ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும்போது நடுவிலிருக்கும் இரத்தக்குழாய் அறுபடும். இரண்டு பேர் ஒரு மடித்த துணியால் தூக்கி வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டால் திருப்ப வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். அது உதவி, மாற்று அல்ல. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் இன்னும் மருந்துக்கடையில் தொங்குகிறது. அது ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை இறுக்கி, நடுவிலிருக்கும் தோலுக்கு வரும் இரத்தத்தையும் தடுக்கும். வாங்கியிருந்தால் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

நாற்காலியில் உட்காருபவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை இறக்க வேண்டும். கைப்பிடியில் ஊன்றி எழும்பிப் பத்து நொடியில் உட்கார்ந்துவிடுவது போதாது. நசுங்கிய சதையில் இரத்தம் மறுபடி நிறைய ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கையில் நிற்க யாராலும் முடியாது, முயன்றால் தோள்மூட்டு கெடும். மார்பு தொடையில் படும்படி முன்னால் குனிவதோ, மேஜையில் சாய்ந்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று சரிவதோ நல்லது. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் இரவிலும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நம் நிறத்துக்குச் சிவப்பு கண்ணில் படாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, புறங்கைக்குச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பாரம் எடுத்து அரைமணி நேரமாகியும் அந்த நிறம் போகவில்லை என்றால், போகும்வரை அந்தப் பக்கம் படுக்கவோ உட்காரவோ கூடாது. தேய்த்துவிடக்கூடாது. ஒருநாள் கல்யாணத்துக்குப் போய் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்ததற்கு நாலு மாதம் குப்புறப் படுத்திருக்க வேண்டி வரலாம். இன்னொன்று, ஜீன்ஸ். பின்பாக்கெட்டின் தடித்த தையலும் அதன் மூலையிலிருக்கும் உலோகக் குமிழும் நேராக அந்த எலும்பு முனைக்கு அடியில் வரும். பர்ஸும் அப்படித்தான்.

சூடு தெரியாது என்பதையும் மறந்துவிடுவார்கள். மடியில் வைத்த சூடான டிபன் பாக்ஸ், சைலன்சரில் பட்ட கால், வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் தகடு: கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குளிக்கும் தண்ணீரை உணர்வுள்ள முழங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். மேலே அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை வெயிலில் காய்ச்சல்போல் உடம்பு ஏறினால் மாத்திரையைவிட ஈரத்துண்டும் மின்விசிறியும் வேலை செய்யும்.

சிறுநீர் விஷயத்தில் பெரிய மாற்றம் 1972இல் வந்தது. அமெரிக்காவில் ஜாக் லேப்பிடிஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், குழாயைக் கிருமிநீக்கம் செய்யாமல் வெறும் சுத்தமாக வைத்து, நோயாளியே நாளுக்குப் பலமுறை போட்டு எடுத்தால் போதும் என்று காட்டினார். கிருமி கொஞ்சம் உள்ளே போவதைவிடச் சிறுநீர்ப்பை அளவுக்குமீறி நிரம்பி இறுகுவதுதான் தொற்றுக்கு முதல் காரணம் என்பது அவர் வாதம். நிரம்பிய பையின் சுவருக்கு இரத்தம் போகாது. தற்காத்துக்கொள்ள முடியாத சுவரில் கிருமி குடியேறும். அதனால் நேரந்தவறாமை சுத்தத்துக்குச் சமம். நாளுக்கு 4 முதல் 6 தடவை, ஒரு தடவைக்கு 400 மில்லி, மிஞ்சினால் 500. அளவுக் கோடு போட்ட மக்கில் பிடித்து முதல் இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். 700 வருகிறது என்றால் இடைவெளி அதிகம்.

செய்முறை கடினமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தையும் கழுவி, பெரியவர்களுக்கு 12 அல்லது 14 எண் குழாயின் நுனியில் ஜெல்லி தடவ வேண்டும். ஆண்களுக்கு உறுப்பை வயிற்றுப் பக்கமாக உயர்த்திப் பிடித்தால் வழியின் வளைவு நேராகும். பாதியில் தடுக்கும், அது இறுகிய சுருக்குத்தசை. குத்தித் தள்ளினால் இரத்தம் வரும், பிற்பாடு வடு விழுந்து வழியே அடைபடும். நிறுத்தி, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, லேசான அழுத்தத்தோடு காத்திருந்தால் தசை தளரும். சிறுநீர் வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே விட்டு, நின்ற பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது மறுபடி வந்தால் அங்கே நிறுத்த வேண்டும். பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வீங்கி இறுகிவிடும். குழாயை ஒருமுறை போட்டு எறிவது உத்தமம். கட்டுப்படியாகாத வீடுகளில் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, உதறிக் காயவைத்து, ஈரமில்லாத மூடிய டப்பாவில் வைத்துச் சில தடவை பயன்படுத்துகிறார்கள். ஈரத்தோடு பாலித்தீன் கவரில் சுருட்டி வைப்பதுதான் கெடுக்கும்.

பகலில் சரியான அளவு வந்து, விடிகாலையில் மட்டும் 900 மில்லி வருகிறதே என்று குழம்புவார்கள். நாள் முழுக்கத் தொங்கும் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மாலையில் ஒருமணி நேரம் காலை உயர்த்திப் படுத்துவிட்டு, தூங்கப்போகும் முன் ஒருமுறை குழாய் போட்டால் சரியாகும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்து இதைச் சமாளிக்க நினைப்பவர்களுக்குக் கல் வரும். நாளுக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டும், எட்டு மணிக்குமேல் குறைத்துக்கொள்ளலாம். வயிற்றைக் கையால் அமுக்கிச் சிறுநீர் எடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கீழே வாசல் மூடியிருக்கும்போது அமுக்கினால் அது மேலே சிறுநீரகத்துக்குப் போகும்.

நிரந்தரக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு: சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பை எப்போதும் உடம்பிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே. நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பார்கள், பழைய சிறுநீர் முழுக்கத் திரும்பி உள்ளே ஓடும். ஆண்கள் குழாயை அடிவயிற்றில் பிளாஸ்திரி போட்டு நிறுத்த வேண்டும். கீழே தொங்கவிட்டால் வளைவில் உரசி ஓட்டை விழும். சாதா ரப்பர் குழாயை 2 முதல் 4 வாரத்துக்குள் மாற்ற வேண்டும். பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்று தாளில் வந்தாலே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டியதில்லை. குழாய் போடுகிற எவருக்கும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், கால் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுத்தல், கலங்கி நாறும் சிறுநீர் என்று அறிகுறி சேர்ந்தால்தான் மருந்து. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு) மட்டும் பார்த்து நிம்மதி அடையவேண்டாம். தசை கரைந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைவாக இருக்கும்.

மலத்துக்கு நேரம்தான் மருந்து. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், சூடாக எதையாவது குடித்து அரைமணி கழித்து. இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் தானாக அசையும் என்பதை இதற்குப் பயன்படுத்துகிறோம். தண்டுவடத்தின் கடைசிப் பகுதி பிழைத்திருந்தால், கையுறை போட்டு ஜெல்லி தடவிய விரலை உள்ளே 15, 20 நொடி வட்டமாகச் சுற்றினால் குடல் தள்ளும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி. முதுகின் அடியில், அந்த முனையே அடிபட்டவர்களுக்குத் தள்ளும் அனிச்சை இருக்காது; விரலால் எடுக்க வேண்டியதுதான், அவர்களுக்கு மலம் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே வசதி. பேதி மருந்து கொடுத்து ஒரேயடியாகக் கழுவிவிட நினைத்தால் நாள் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும்.

எல்லா வீடும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது இனி வருவது. மார்பு 6இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், கழுத்துக்குமேல் வியர்வை, மூக்கடைப்பு, புல்லரிப்பு வந்தால், கீழே எங்கோ ஒன்று உறுத்துகிறது என்று பொருள். அந்தச் சேதி மூளைக்குப் போகாது. தண்டுவடம் மட்டும் பதறி இரத்தக்குழாய்களை இறுக்கிவிடும், பிரஷர் ஏறும். மூளையில் இரத்தம் கசியும்வரை போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், பெல்ட்டும் பேண்ட்டும் தளர்த்துங்கள். முதல் சந்தேகம் சிறுநீர்: குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா, தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா? குழாய் இல்லையென்றால் உடனே போட்டு எடுங்கள். அடுத்தது மலச்சிக்கல், விரல் வைக்கும்முன் மரத்துப்போகும் ஜெல்லி தடவிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பிரஷரை இன்னும் ஏற்றும். பிறகு புண், சதையில் வளர்ந்த கால்நகம், இறுக்கமான ஷூ. காரணத்தை எடுத்தால் நிமிடங்களில் இறங்கும். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சிக்கல் உண்டு. இவர்களுக்கு வழக்கமான மேல் பிரஷரே 90, 100தான். அவசரப் பிரிவில் 145 பார்த்துவிட்டு "கொஞ்சம்தான் அதிகம், படுங்க" என்று சொல்லலாம். படுத்தால் இன்னும் ஏறும். வழக்கமான பிரஷர் எண்ணை எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. வாரக்கணக்கில் படுத்தவரை முதன்முதலாக உட்காரவைத்ததும் கண் இருண்டு மயங்குவார். அப்போது படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். தலைவலியா, மயக்கமா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். முதல் மாதங்களில் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது உறைகட்டியை நுரையீரலுக்கு அனுப்புகிற வேலை.

சக்கர நாற்காலி சட்டையைப்போல் அளவெடுத்துப் போடுவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுகிற, எல்லோருக்கும் ஒரே அகலமான மடக்கு நாற்காலி, ஆளை இங்கிருந்து அங்கே கொண்டுபோகச் செய்தது. அதில் வாழ முடியாது. இடுப்பகலத்தோடு இரண்டு மூன்று செ.மீ. சேர்த்தால் இருக்கையின் அகலம். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இரண்டு விரல் இடைவெளி. பாதத்தட்டு உயரமாக இருந்தால் தொடை தூக்கி நிற்கும், பாரமெல்லாம் எலும்பு முனைக்குப் போகும். தாழ்வாக இருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும். தானே தள்ளுபவருக்கு முதுகுச்சாய்வு தோள்பட்டை எலும்புக்குக் கீழே முடிய வேண்டும். மெத்தை சரியா என்று பார்க்க, அவர் உட்கார்ந்த பிறகு எலும்பு முனைக்கு அடியில் உங்கள் விரல்களை நுழையுங்கள். நுனியை அரை செ.மீ. மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் நல்லது. ஆட்ட முடியவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. விரல் நசுங்கி மாட்டிக்கொண்டால் அந்த மெத்தையில் ஒருமணி நேரம்கூட உட்காரவைக்கக்கூடாது. பஞ்சு மெத்தை ஒரு வருடத்தில் அமுங்கிப் பலகையாகிவிடும். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் ஆள் அளவுக்குச் செய்யும் நாற்காலியும், அதன் முன்னால் மாட்டி ரோட்டில் ஓட்டும் மோட்டார் இணைப்பும் இப்போது இங்கேயே கிடைக்கின்றன. டயரில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது, ஏனென்றால் பிரேக் கட்டை டயரைத்தான் அழுத்துகிறது. கட்டிலிலிருந்து மாறும்போது நாற்காலி நழுவி விழுகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி அந்தக் காற்றுதான்.

மாற்றும்போது கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம். கட்டில் தாழ்வானால் கட்டில் கால்களுக்கு அடியில் குழி வெட்டிய மரக்கட்டை வையுங்கள். நாற்காலியைச் சுமார் 30 பாகை சாய்த்து நிறுத்தி, பிரேக் போட்டு, அந்தப் பக்கக் கைப்பிடியைக் கழற்றி, பாதத்தட்டை விலக்கி, இடைவெளியில் வழுவழுப்பான பலகை. தலை போகும் திசைக்கு எதிரே இடுப்பு போகும். அதனால் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் தலையைத் தாழ்த்தினால் இடுப்பு லேசாகும். உதவுபவர் அக்குளில் கைகொடுத்து இழுக்கக்கூடாது; இடுப்புப் பட்டையைப் பிடிக்க வேண்டும், தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். படியேற்றும்போது பின்புறமாக, இறக்கும்போது முன்னால் பார்த்தபடி. பெரிய சக்கரம்தான் படியில் உருள வேண்டும். இரண்டாமவர் பிடிப்பது சட்டகத்தை. கைப்பிடியையும் பாதத்தட்டையும் பிடித்துத் தூக்கினால் அவை கழன்று கையோடு வரும், ஆள் வரமாட்டார். தள்ளத் தொடங்கும்முன், சாய்க்கும்முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மரியாதை மட்டுமல்ல. சொல்லாமல் சாய்த்தால் அவர் கை சக்கரக் கம்பிக்குள் போகும்.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது கழிப்பறைக் கதவு. வாசலில் சரிவுப்பாதை கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கழிப்பறைக் கதவு 60 செ.மீ.யாகவே இருக்கிறது, நாற்காலி நுழையாது. 90 செ.மீ. வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். இருக்கை 45 செ.மீ. உயரம், பக்கத்தில் சுவரில் கம்பி. தரைக் கழிப்பறையை இடிக்க வசதியில்லை என்றால் அதன்மேல் தள்ளி நிறுத்தும் ஓட்டை நாற்காலி போதும், ஆனால் ஓட்டையின் விளிம்புக்குக் கட்டாயம் மெத்தை வேண்டும். சரிவுக்குக் கணக்கு 1க்கு 12: 15 செ.மீ. படி இரண்டு இருந்தால் 3.6 மீட்டர் நீளம். இடமில்லையென்று பாதியாகக் குறைத்துக் கட்டினால் அது சறுக்கு மரம்.

அரசு பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைதான் திறவுகோல். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனம் 40 சதவீதமோ அதற்குமேலோ என்று சான்று இருந்தால் வேலையில் 4, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு. மாதப் பராமரிப்புத் தொகைக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். வரும்போது காலை அசைத்துவிடச் சொல்வதோடு நிறுத்தாமல், கட்டிலில் புரள, பலகையில் மாற, மெத்தையைச் சோதிக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

இரவில் எழுந்து திருப்புவது பெரும்பாலும் வீட்டில் ஒரே பெண்தான், மனைவி அல்லது அம்மா. மாதக்கணக்கில் அது நடக்காது. அவர் படுத்தால் இரண்டு பேருக்கும் கட்டில். மூச்சுக் கோளாறு இல்லாதவரைக் குப்புறப் படுக்கப் பழக்கினால் இதற்கு வழி உண்டு. மார்புக்கு அடியில் ஒன்று, தொடைக்கு அடியில் ஒன்று, கணுக்காலுக்கு முன்னால் ஒன்று என்று தலையணைகள் கொடுத்து, இடுப்பெலும்பும் முழங்காலும் கால்விரல்களும் படுக்கையில் படாதபடி பாலம்போல் அமைக்க வேண்டும். முதல்நாள் ஒருமணி நேரம். எடுத்ததும் தோலைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் மறுநாள் அரைமணி கூட்டுங்கள். அடையாளம் தெரிந்தால் பழைய அளவுக்கே போங்கள். பின்பக்கத்தில் பாரமே விழாததால் பழகிய பலர் ஐந்து ஆறு மணி நேரம் திருப்பாமல் இப்படித் தூங்குகிறார்கள். வீட்டிலும் அந்நேரம் தூங்கலாம்.